அக்காவின் எடை 84 கிலோ, கட்டி 3.6 செ.மீ.: இந்த இரண்டையும் வைத்து என்ன சொல்ல முடியும்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு 47 வயது, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. இடது மார்பகத்தில் 4.2 செ.மீ. கட்டி. பயாப்சியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் (அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் தூண்டப்படும் வகை), ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ். அறுவை சிகிச்சைக்கு முன்பாகவே கீமோதெரபி தொடங்கி இரண்டு சுற்றுகள் முடிந்திருக்கின்றன. அதன்பின் எடுத்த எம்ஆர்ஐயில் கட்டி 3.6 செ.மீ. உடல் எடையையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம் என்று எங்கோ படித்தீர்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். கூடவே, "குண்டாக இருப்பவர்களுக்குக் கீமோ வேலை செய்யாது" என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும், அன்றிலிருந்து அக்கா இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: அக்காவின் எடை அவருடைய முடிவை ஏற்கெனவே எழுதிவிட்டதா, அதை மாற்ற இப்போதே பட்டினி கிடக்க வேண்டுமா?

இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் வெறும் "இல்லை" உங்களுக்கு உதவாது. நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது. நான் கதிரியக்க மருத்துவர். மார்பக ஸ்கேன்களைப் படிப்பதும், வாராவாரம் ட்யூமர் போர்டு கூட்டத்தில் அறுவை மருத்துவர்களுக்கும் கீமோ மருத்துவர்களுக்கும் அவற்றை விளக்குவதும் என் வேலை. கீமோ எழுதிக் கொடுப்பது என் வேலை அல்ல. ஆகவே ஸ்கேனைப் பற்றி நான் சொல்வதை அழுத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்; மருந்தைப் பற்றிச் சொல்வதை அக்காவின் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

4.2 என்பது 3.6 ஆனதைப் பார்த்து "ஆறு மில்லிமீட்டர்தானே குறைந்திருக்கிறது" என்று சோர்ந்திருக்கிறீர்கள். நீளத்தைப் பார்த்தால் 14 சதவீதக் குறைவுதான். உலகெங்கும் மருந்துச் சோதனைகளில் பயன்படும் ரெசிஸ்ட் என்ற அளவுகோலின்படி நீளம் 30 சதவீதமாவது குறைந்தால்தான் "பகுதி பலன்" என்று எழுதுவோம். அதற்குக் கீழே இருந்தால் "நிலையாக உள்ளது" என்றுதான் ரிப்போர்ட்டில் வரும். ஆனால் கட்டி ஒரு கோடு அல்ல, கனம் உள்ள பொருள். அதை உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 4.2 செ.மீ. கட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 39 கன செ.மீ.; 3.6 செ.மீ. என்றால் 24 கன செ.மீ. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்திருக்கிறது. மார்பகக் கட்டி எதுவும் உருண்டையாக இருப்பதில்லை என்பதால் இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஸ்கேனை இரண்டு மருத்துவர்கள் அளந்தாலே சில மில்லிமீட்டர் மாறும் என்பதும் உண்மை. இருந்தாலும் "நிலையாக உள்ளது" என்ற வரியைப் படித்துவிட்டு மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நீளத்தைவிடக் கொள்ளளவு நன்றாகப் பேசும் என்பதை வெறும் கணக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2002 முதல் 2006 வரை பெண்களைச் சேர்த்து ஐ-ஸ்பை 1 என்ற ஆய்வை நடத்தினார்கள். 3 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி உள்ளவர்களுக்கு முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை. கீமோவுக்கு முன், முதல் சுற்று முடிந்ததும், நடுவில், அறுவைக்கு முன் என்று நான்கு முறை எம்ஆர்ஐ எடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலா ஹில்டன் குழுவினர் 2012இல் 216 பெண்களின் ஸ்கேன்களை வைத்து வெளியிட்ட முடிவின்படி, கையால் தொட்டு அளப்பதைவிட எம்ஆர்ஐ காட்டும் கொள்ளளவு மாற்றம் மருந்தின் பலனை நன்றாக முன்னறிவித்தது. அந்த வித்தியாசம் ஆரம்பகட்ட ஸ்கேனில்தான் மிகத் தெளிவாக இருந்தது. 2016இல் அதே குழு, நோய் திரும்பாமல் வாழும் காலத்துக்கும் இந்தக் கொள்ளளவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டியது. 2010இல் தொடங்கிய ஐ-ஸ்பை 2 சோதனையில் யாருக்கு எந்தப் புது மருந்து என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டிலேயே இந்த அளவு சேர்க்கப்பட்டது.

அவர்கள் அளந்தது கட்டியின் வெளிவடிவத்தை அல்ல. ஸ்கேனில் இரத்த ஓட்டத்தை ஒளிரச் செய்யும் கடோலினியம் மருந்தை நரம்பில் செலுத்திச் சுமார் இரண்டரை நிமிடத்தில், எந்தெந்தப் புள்ளி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளிர்கிறதோ அவற்றை மட்டும் எண்ணிக் கூட்டினார்கள். இரத்த ஓட்டம் மிகுந்த, உயிர்ப்புள்ள பகுதிதான் அப்படி ஒளிரும். இதனால் 3.6 செ.மீ. நீளம் அப்படியே இருக்க, உள்ளே ஒளிரும் பகுதி பாதியாகிப் போன ஸ்கேன்களும் உண்டு. நம் ஊர் ரிப்போர்ட்களில் பெரும்பாலும் மூன்று திசை நீளங்கள்தான் இருக்கும். இந்தக் கொள்ளளவைக் கணக்கிடும் மென்பொருள் எல்லா மையங்களிலும் கிடையாது. அக்காவின் ரிப்போர்ட்டில் மூன்று அளவுகளும் இருக்கின்றனவா, ஒளிரும் விதம் மாறியிருக்கிறதா என்பதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் படித்த மருத்துவரிடமே கேட்கலாம். கேட்டால் பெரும்பாலோர் படத்தைத் திறந்து காட்டிச் சொல்வார்கள்.

ஸ்கேன் எல்லா வகைக் கட்டியிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கீமோவுக்குப் பிறகு அறுவையில் எடுத்த திசுவில் ஊடுருவும் புற்றுச் செல் எதுவுமே இல்லாத நிலையை முழுப் பலன் என்கிறோம். 12 சோதனைகளில் இருந்த 11,955 பேரின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2014இல் வெளியான ஆய்வு இதற்கு அடிப்படை. முழுப் பலன் கிடைத்தவர்களுக்கு நோய் திரும்புவது பாதிக்கும் குறைவு என்று அதில் தெரிந்தது. ஆனால் அந்தத் தொடர்பு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையிலும், ஹெர்-2 பாசிட்டிவாக இருந்து ஹார்மோன் ஏற்பி இல்லாத வகையிலும்தான் வலுவாக இருந்தது. அந்த வகைகளில் மூன்றில் ஒருவருக்கோ இருவரில் ஒருவருக்கோ முழுப் பலன் கிடைத்தது. அக்காவுடையதைப் போன்ற, ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகையில், கட்டியின் தரநிலை (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்கான 1 முதல் 3 வரையிலான மதிப்பு) குறைவாக இருந்தால் 7.5 சதவீதம் பேருக்கும், தரநிலை 3 என்றால் 16 சதவீதம் பேருக்கும் மட்டுமே கிடைத்தது. அதற்காக இந்த வகைப் பெண்கள் மோசமாகப் போய்விடுவதில்லை. அவர்களுக்குப் பிரதான மருந்து அறுவைக்குப் பிறகு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சை. அதனால் அக்காவின் கட்டி மெதுவாகக் கரைவது அந்த வகையின் இயல்பு. அதை எடையின் தலையில் கட்ட வேண்டியதில்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் தரநிலையும் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டும் கேஐ-67 என்ற எண்ணும் இருக்கும். 84 கிலோ என்ற எண்ணைவிட அந்த இரண்டும் அதிகம் சொல்லும்.

ஸ்கேன் ஏமாற்றுகிற இடமும் உண்டு. பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் போன்ற மருந்துகள் கட்டிக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே குறைத்துவிடும். அப்போது எம்ஆர்ஐயில் கட்டி இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். சில கட்டிகள் உருண்டை சுருங்குவதுபோல் சுருங்காமல், ஆங்காங்கே சிதறிய தீவுகளாக எஞ்சும். அந்தத் தீவுகளை எம்ஆர்ஐ தவறவிடலாம். ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில் இது கூடுதலாகவே நடக்கிறது. அதனால்தான் கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் சிறிய உலோகக் கிளிப் வைக்கிறோம். ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போனாலும் அறுவை மருத்துவர் எங்கே வெட்ட வேண்டும் என்பதை அது காட்டும். அக்காவுக்குக் கிளிப் வைத்தார்களா என்பதை இந்த வாரமே கேளுங்கள். வைக்கவில்லை என்றால், கட்டி கண்ணுக்குத் தெரியும் இந்த நேரத்திலேயே வைப்பது நல்லது.

இனி எடைக்கு வருகிறேன். எடை ஸ்கேனோடு சேரும் ஓர் இடத்தைப் பொதுவாக யாரும் பேசுவதில்லை: அளவுக்குள்ளேயே எடை புகுந்துவிடுகிறது. கடோலினியம் மருந்தை எடைக் கணக்கில்தான் கொடுக்கிறோம். வழக்கமான அளவில் கிலோவுக்கு 0.2 மில்லி, அக்காவுக்கு 84 கிலோ என்றால் 16.8 மில்லி. கொழுப்பில் இரத்தம் குறைவு. எடை கூடும் அளவுக்கு உடலில் இரத்தம் கூடுவதில்லை. ஆகவே பருமனானவருக்குக் கிலோ கணக்கில் கொடுக்கும்போது இரத்தத்தில் மருந்தின் அடர்த்தி சற்று அதிகமாகவே இருக்கும். ஸ்கேன் எடுக்கும் விதமும் கஷ்டம்தான். குப்புறப் படுத்து, மேசையில் உள்ள இரண்டு குழிகளில் மார்பகங்கள் தொங்க வேண்டும். குழியின் அடியில் மார்பகம் அழுந்தினால் கட்டியின் வடிவமே மாறும். நெஞ்செலும்பில் உடல் பாரம் அழுத்த, இருபது முப்பது நிமிடம் அசையாமல் கிடப்பது யாருக்கும் சுலபமில்லை. கொஞ்சம் அசைந்தாலும் கட்டியின் விளிம்பு மங்கிவிடும். முதல் ஸ்கேனில் ஒரு மாதிரியும் இரண்டாவதில் வேறு மாதிரியும் படுத்திருந்தால் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எவ்வளவு கட்டியினுடையது, எவ்வளவு படுக்கையினுடையது என்று பிரிக்க முடியாது. அடுத்த ஸ்கேனையும் அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

கதிரியக்கம் கலந்த சர்க்கரையை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் எடை இன்னும் நேரடியாக நுழைகிறது. கட்டி எவ்வளவு சர்க்கரையை இழுக்கிறது என்பதை எஸ்யுவி என்ற எண்ணாகச் சொல்கிறோம். அந்த எண்ணை எடுக்கும் கணக்கிலேயே நோயாளியின் எடை பெருக்கப்படுகிறது. பதிவு மேசையில் அன்று எடை பார்க்காமல் பழைய சீட்டில் இருந்த 78 கிலோவை எழுதிவிட்டால், கட்டி துளிகூட மாறாமலே எஸ்யுவி 7 சதவீதம் குறைந்து காட்டும். வேறொரு சிக்கலும் இருக்கிறது. கொழுப்பு மிகக் குறைவாகவே சர்க்கரையை எடுப்பதால், மீதி மருந்து மற்ற உறுப்புகளுக்கும் கட்டிக்கும் போகிறது; பருமனான பெண்ணின் எஸ்யுவி இயல்பாகவே கூடுதலாகத் தெரியும். இது 1990களிலேயே தெரிந்த விஷயம். 2009இல் வந்த பெர்சிஸ்ட் என்ற முறை, மொத்த எடைக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய எடையை வைத்துக் கணக்கிடச் சொன்னதற்கு இதுவே காரணம். ஹெர்-2 வகைக் கட்டிகளில் நடந்த ஃபெர்கெய்ன் சோதனையில் இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு எஸ்யுவி 40 சதவீதமாவது குறைந்ததா என்று பார்த்து, கீமோ தேவையா இல்லையா என்றே முடிவு செய்தார்கள். அப்படி ஒரு முடிவு தொங்குகிற எண்ணில் எடைப் பிழை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவுக்குப் பெட் எடுத்தால் அன்றைய எடையை அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

எடைக்கும் நோயின் போக்குக்கும் உள்ள தொடர்பில் எது உறுதி? 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 82 ஆய்வுகளிலிருந்து 2,13,075 பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. நோய் கண்டறியும் முன்பே பருமனாக இருந்தவர்களுக்கு, இயல்பான எடை உள்ளவர்களோடு ஒப்பிடுகையில், எந்தக் காரணத்தாலும் இறப்பது 41 சதவீதமும் மார்பகப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதமும் கூடுதல். இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். நூற்றில் 35 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்பது இதன் பொருள் அல்ல. ஒரு கூட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், பருமனானவர்களின் கூட்டத்தில் அது பதின்மூன்று பதினான்கு ஆகும். மற்ற எண்பத்தாறு பேரும் பருமனானவர்கள்தான். டென்மார்க்கில் 2011இல் 18,967 பெண்களின் பதிவேட்டை வைத்து வெளியான ஆய்வில் வேறொரு நுணுக்கம் தெரிந்தது: பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 30க்கு மேல் உள்ளவர்களுக்கு மார்பகத்திலேயே நோய் திரும்புவது கூடவில்லை, பத்தாண்டுகளுக்குப் பிறகு உடலின் வேறு பகுதிக்குப் பரவுவதுதான் 46 சதவீதம் கூடியது. இரண்டு சுற்று கீமோவில் எடை குறுக்கே நிற்கும் என்ற உங்கள் உறவினரின் கருத்துக்கு இது பொருந்தவே இல்லை. அவரை ட்யூமர் போர்டில் சேர்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஏன் இந்தத் தொடர்பு என்பதில்தான் சந்தேகங்கள் தொடங்குகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்கிறது, இன்சுலின் கூடுகிறது, கொழுப்புத் திசுவில் மெல்லிய அழற்சி நிலைத்திருக்கிறது. இவை எல்லாம் ஆய்வகத்தில் காட்டப்பட்டவை. ஒரு பெண்ணின் உடலில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பெரிய மார்பகத்தில் கட்டி கைக்குத் தாமதமாகத்தான் தட்டுப்படும். அதனால் பருமனானவர்களிடம் கட்டி கண்டறியும்போதே பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் மேமோகிராம் மிகத் தெளிவாகவே காட்டும் என்பதால், பரிசோதனைக்கு வந்திருந்தால் அந்தத் தாமதம் நேர்ந்திருக்காது. சர்க்கரை நோயும் இதய நோயும் தனியாக உயிரிழப்பைக் கூட்டுகின்றன. இன்னொரு காரணம் எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, ஏனென்றால் அது உடலின் குறை அல்ல, நம் கைகளின் குறை: பருமனான பெண்களுக்கு மருந்தைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம்.

கீமோவின் டோஸ் உடலின் பரப்பளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அக்காவின் 156 செ.மீ., 84 கிலோவுக்குப் பரப்பளவு 1.91 சதுர மீட்டர். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால் ஒரு சுற்றுக்கு 114 மில்லிகிராம். "இவ்வளவு தாங்க மாட்டார்" என்று பயந்து, இருக்க வேண்டிய எடை 56 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால் பரப்பளவு 1.56 ஆகிவிடும், டோஸ் 93 மில்லிகிராம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மருந்து காணாமல் போகிறது. மிலான் நகரில் போனடோனா குழுவினர் 1981இலேயே, திட்டமிட்ட டோஸில் 85 சதவீதமாவது பெற்றவர்களே நல்ல பலன் அடைந்தார்கள் என்று எழுதினார்கள். அது பின்னோக்கிப் பார்த்த கணக்கு என்பதால் முழுச் சான்றாக எடுக்க முடியாதுதான். ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். பருமனான பெண்களுக்கு உண்மையான எடைக்கு ஏற்ற முழு டோஸ் கொடுத்தபோது கடும் பக்க விளைவுகள் கூடவில்லை என்று 1996இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2012இல் ஆஸ்கோ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கும்போது உண்மையான எடையை வைத்தே முழு டோஸ் கொடுங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அக்காவின் கீமோ சார்ட்டில் எந்த எடை, எந்தப் பரப்பளவு எழுதியிருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். குறைத்திருந்தால் இதயம், கல்லீரல், வெள்ளணு எண்ணிக்கை என்று நியாயமான காரணம் இருக்கலாம். அது என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

முழு டோஸ் கொடுத்தாலும் எல்லாம் சமமாகிவிடுமா என்றால், அங்கே என்னால் உறுதியாகத் தலையாட்ட முடியாது. எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2008இல் 1,169 பெண்களை வைத்து, எடை கூடியவர்களுக்கு முழுப் பலன் குறைவாகக் கிடைத்தது என்று எழுதியது. டோசிடாக்ஸெல் கொழுப்பில் கரையும் மருந்து. அதன் கூடுதல் பயன் எடை அதிகமுள்ளவர்களிடம் குறைவாக இருக்கலாம் என்று 2020இல் ஒரு பழைய ஐரோப்பியச் சோதனையின் விவரங்களை மறுபடி அலசியவர்கள் சொன்னார்கள். பின்னால் திரும்பிப் பார்த்து எடுத்த முடிவுகள் இவை. இவற்றை வைத்து மருந்தை மாற்ற எந்த மருத்துவரும் முன்வர மாட்டார், வரவும் கூடாது.

பிஎம்ஐ என்ற எண்மீதே எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அக்காவின் பிஎம்ஐ 34.5. நம் உடல்வாகில் குறைந்த பிஎம்ஐயிலேயே கொழுப்பு அதிகம் என்பதால், ஆசியர்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. எந்த எல்லையை வைத்தாலும் அந்த எண் கொழுப்பையும் தசையையும் பிரித்துப் பார்க்காது. ஸ்கேன் பிரிக்கும். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பரவாத மார்பகப் புற்றுநோய் உள்ள 3,241 பெண்களுக்கு ஏற்கெனவே எடுத்திருந்த சிடி ஸ்கேன்களில், இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டை எடுத்துத் தசையையும் கொழுப்பையும் அளந்தது. மூன்றில் ஒருவருக்குத் தசை குறைந்திருந்தது. அவர்களுக்கு இறப்பு அபாயம் 41 சதவீதம் கூடுதல். கொழுப்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு 35 சதவீதம். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 89 சதவீதம். அதே பெண்களிடம் பிஎம்ஐயை மட்டும் வைத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. எடையும் ஸ்கேனும் சேர்ந்து எதையாவது சொல்கின்றன என்றால், எனக்கு மிக நம்பிக்கை தருவது இந்த வகை ஆய்வுதான். இதில் ஸ்கேன் பார்ப்பது கட்டியை அல்ல, கட்டியைச் சுமக்கும் உடலை.

கட்டியின் கொள்ளளவையும் பிஎம்ஐயையும் ஒரே கணக்கில் போட்டு எதிர்காலத்தைச் சொல்லும் முயற்சிகளைப் பற்றி: அவை கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. நூறு பெண்களை இரண்டு வரிசையாகப் பிரித்து, இந்த வரிசையில் நோய் திரும்புவது கூடுதல் என்று காட்டும். உங்கள் அக்கா எந்த வரிசையில் நின்றாலும் அந்த வரிசையில் நலமாக வாழ்பவர்களே அதிகமாக இருப்பார்கள். அக்குள் நெறிக்கட்டு, தரநிலை, ஏற்பிகள் ஆகியவற்றைத் தாண்டி இந்த இரண்டும் கூடுதலாகச் சொல்வது சிறிதளவே. பெரிய கட்டியும் கூடிய எடையும் பெரும்பாலும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தே வருவதால், எது எதன் நிழல் என்று பிரிப்பதும் கடினம். ட்யூமர் போர்டில் நாங்கள் எம்ஆர்ஐ மாற்றத்தைப் பார்த்து அறுவையின் நேரத்தையும் அளவையும் விவாதிப்போம். பிஎம்ஐயைச் சேர்த்துக் கணித்து ஒரு பெண்ணின் சிகிச்சையை மாற்றியதை நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதை இன்றே விடச் சொல்லுங்கள். கீமோ நடக்கும்போது பட்டினி கிடந்து இறங்கும் எடையில் கணிசமான பங்கு தசை. மேலே சொன்ன ஆய்வில் ஆபத்தாக இருந்ததும் தசை குறைவதுதான். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் பசியைக் கூட்டும், அசதி நடமாட்டத்தைக் குறைக்கும். கீமோ காலத்தில் எடை கூடுவது சகஜம், அதிலும் கூடுவது கொழுப்பாகவும் குறைவது தசையாகவும் இருப்பதுதான் தொல்லை. முட்டை, பருப்பு, மீன், சுண்டல் என்று ஒவ்வொரு வேளையும் புரதம், சாதத்தின் அளவில் கொஞ்சம் கட்டுப்பாடு, தினமும் நடை, முடிந்தால் எடை தூக்கும் எளிய பயிற்சி. அறுவைக்குப் பிறகு கை வீங்கும் என்று பயந்து பயிற்சியையே தடுப்பவர்கள் உண்டு. முறையாகப் படிப்படியாகச் செய்தால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009இல் ஒரு நல்ல சோதனை காட்டிவிட்டது. சிகிச்சை முடிந்தபின் எடையைக் குறைப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மூட்டுக்கும் கண்டிப்பாக நல்லது. நோய் திரும்புவதை அது தடுக்குமா என்ற கேள்விக்காகவே 2016இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிவெல் என்ற சோதனையைத் தொடங்கி, பிஎம்ஐ 27க்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்தார்கள். தொலைபேசி வழியாக ஆலோசனை பெற்ற பிரிவினர் ஓராண்டில் சராசரியாக 4.8 சதவீத எடை குறைத்தார்கள். அக்காவுக்கு அது நான்கு கிலோ. எட்டக்கூடிய இலக்கு, ஆனால் கீமோ முடியட்டும்.

அக்காவின் எடை உண்மையாகவே ஒரு மருத்துவ முடிவில் பங்கேற்கக்கூடிய இடம் ஹார்மோன் சிகிச்சை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குச் சினைப்பையின் வேலையை ஊசியால் அடக்கி, அதோடு அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் போன்ற மாத்திரைகளில் ஒன்றைக் கொடுப்பது ஒரு வழி; டமாக்ஸிஃபென் கொடுப்பது மற்றொரு வழி. ஆஸ்திரியாவில் நடந்த சோதனையின் துணை அலசலில், எடை கூடியவர்களுக்கு ஊசியோடு அனஸ்ட்ரோசோல் கொடுத்தபோது பலன் டமாக்ஸிஃபெனைவிடக் குறைந்ததாகத் தெரிந்தது. ஊசி போட்டும் சிலரிடம் ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு அடங்கவில்லை, பிஎம்ஐ கூடியவர்களிடம் அது அதிகம் என்று 2016இல் இன்னொரு சோதனையின் கிளை ஆய்வு காட்டியது. கடைசி வார்த்தை என்று எடுக்க முடியாத முடிவுகள்தான், ஆனாலும் அந்தக் கட்டம் வரும்போது, "ஊசி தொடங்கிய பிறகு எஸ்ட்ராடையோல் அளவை நுண்ணிய முறையில் சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள் (எஸ்ட்ராடையோல் என்பது ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்). சாதாரண இரத்தச் சோதனை முறையில் அவ்வளவு குறைந்த அளவு சரியாகத் தெரியாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற நுண்ணிய முறையில் சோதிக்கும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.